ஒரு மருத்துவமனையில் நன்றாக ஓடிய எக்ஸ்ரே மாடல் அடுத்த மருத்துவமனையில் ஏன் படுத்துவிடுகிறது?

#1 பயிலும்கணினி

எல்லோருக்கும் வணக்கம். முதுகலைக் கடைசி ஆண்டு மாணவன் நான். நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்து நியூமோதோராக்ஸ் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் செயற்கை அறிவு மாடல் ஒன்றை எட்டு மாதமாக உருவாக்கி வருகிறேன். தெரியாதவர்களுக்கு: நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிப்போவதுதான் நியூமோதோராக்ஸ். சிலருக்கு அது வேகமாக முற்றி உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

ஒரு மருத்துவமனையின் படங்களை வைத்துப் பயிற்சி கொடுத்தேன். அதே இடத்தில் தனியாக எடுத்துவைத்த படங்களில் சோதித்தபோது என் வழிகாட்டியே இரண்டு முறை சரிபார்க்கச் சொல்லும் அளவுக்கு நல்ல முடிவு வந்தது. போன வாரம் இன்னொரு மருத்துவமனையின் படங்கள் கிடைத்தன. அவற்றைக் கொடுத்ததும் மாடல் படுத்துவிட்டது. எனக்கே கண்ணுக்குத் தெரியும் நியூமோதோராக்ஸைக்கூட "இல்லை" என்கிறது.

நிரலை நான்கு முறை பார்த்துவிட்டேன். பட அளவு, வெளிச்சம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி மாற்றித்தான் கொடுக்கிறேன். இன்னும் பெரிய மாடலுக்குப் போவதா, இன்னும் படங்கள் சேர்ப்பதா? எங்கே தவறு என்று புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 இருட்டறைக்காரர்

தம்பி, கம்ப்யூட்டர் பக்கம் எனக்குத் தெரியாது. எக்ஸ்ரே டெக்னீஷியனாக 27 வருடம். ஃபிலிமை டெவலப்பரில் முக்கிக் கம்பியில் தொங்கவிட்டுக் காயவைத்த காலத்திலிருந்து இதே வேலை. அதனால் அந்தப் படங்கள் எப்படி எடுக்கப்பட்டன என்பதை மட்டும் கேட்கிறேன்.

முதல் மருத்துவமனையில் "நியூமோதோராக்ஸ்" என்று குறித்த படங்களில், எத்தனை பேருக்கு ஏற்கெனவே நெஞ்சில் குழாய் போட்டிருக்கிறது? காற்றை வெளியேற்றக் குழாய் போட்ட பிறகு, அது சரியான இடத்தில் இருக்கிறதா, நுரையீரல் விரிகிறதா என்று அடுத்தடுத்துப் படம் எடுப்போம். ஒரே ஆளுக்கு ஆறேழு படம் சேர்ந்துவிடும். எல்லாவற்றின் ரிப்போர்ட்டிலும் நியூமோதோராக்ஸ் என்ற சொல் இருக்கும். குழாய்க்கு முன்னால் எடுத்த படம் அநேகமாக ஒன்றுதான். உங்கள் மாடல் கண்டுபிடித்துக் கொடுத்தால் யாருக்காவது பிரயோஜனம் என்றால், அது அந்த ஒரு படத்தில்தான்.

இன்னொன்று, நிற்கவைத்து எடுத்ததா, படுக்கையில் எடுத்ததா? நிற்க முடிந்தவரை எக்ஸ்ரே அறைக்கு வரவழைத்து, மார்பைத் தகட்டோடு ஒட்டச் சொல்லி, முதுகுப் பக்கத்திலிருந்து கதிரை விடுவோம். அது பி.ஏ. படம். எழுந்திருக்க முடியாதவருக்கு போர்ட்டபிள் மெஷினை ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு போய், தகட்டை முதுகுக்கு அடியில் வைத்து முன்பக்கமிருந்து எடுப்போம். அது ஏ.பி. இதில் இதயம் தகட்டைவிட்டுத் தள்ளி இருப்பதால் நிழல் பெரிதாக விழும். நிற்பவருக்குக் காற்று நுரையீரலின் உச்சியில் சேரும், ஓரக்கோடு தெரியும். படுத்திருப்பவருக்குக் காற்று முன்பக்கமாகப் பரவிவிடும், பழகிய கண்ணே தவறவிடும். இரண்டும் ஒரே நோய்தான். ஆனால் நிழல் வேறு.

அப்புறம், இடது வலது காட்ட ஓரத்தில் ஈய எழுத்து வைப்போமே, அது ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வடிவம், ஒவ்வொரு மூலை. ஈ.சி.ஜி. வயர் வேறு குறுக்கே ஓடும். நாங்கள் பார்த்துப் பார்த்துக் கண்டுகொள்ளாமல் விடும் சமாச்சாரம் இவை. உங்கள் கணினி அப்படி விடுமா?

#3 அறிக்கைமேசை

எக்ஸ்ரே, சி.டி. படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட்டாகச் சொல்கிறேன், அண்ணன் கேட்ட கேள்விகளைத்தான் முதலில் கேட்கவேண்டும். பெரிய மாடலுக்குப் போனால் அது இன்னும் திறமையாகக் குறுக்குவழியைக் கண்டுபிடிக்கும், அவ்வளவுதான்.

2018இல் பிளாஸ் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. நியூயார்க்கின் மவுண்ட் சினாய், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், இண்டியானா பல்கலைக்கழகம் ஆகிய மூன்று இடங்களின் எக்ஸ்ரேக்களில் நிமோனியாவைக் கண்டுபிடிக்க மாடலைப் பழக்கினார்கள். எக்ஸ்ரே எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதை மாடல் கிட்டத்தட்ட பிழையே இல்லாமல் சொல்லிவிட்டது. மவுண்ட் சினாய் படங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நிமோனியா. மற்ற இரண்டு இடங்களில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுதான். அப்படியென்றால் நுரையீரலைப் பார்க்கவே தேவையில்லை. "இது மவுண்ட் சினாய்" என்று தெரிந்தாலே பாதி விடை கையில் வந்துவிடுகிறது. வெளியிடத்துப் படங்களைக் கொடுத்தபோது, ஒப்பிட்ட ஐந்தில் மூன்றில் மாடலின் திறன் தெளிவாகக் குறைந்தது.

கோவிட் காலத்தில் இது இன்னும் மோசம். 2020 ஜனவரியிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை, நெஞ்சு எக்ஸ்ரே அல்லது சி.டி.யை வைத்துக் கோவிட்டைக் கண்டுபிடிக்கும், அதன் போக்கைக் கணிக்கும் மாடல்கள் பற்றி வந்தவற்றை ஒரு குழு அலசியது. தேடலில் அகப்பட்டவை 2,212. தரம் பார்த்துச் சலித்தபின் மிஞ்சியவை 62. அந்த 62இல் நோயாளிக்குப் பயன்படுத்தத் தகுதியானது என்று ஒன்றைக்கூட அவர்களால் சொல்ல முடியவில்லை. நேச்சர் மெஷின் இன்டெலிஜென்ஸ் இதழில் 2021இல் வந்தது. அவர்கள் காட்டிய கோளாறுகளில் ஒன்றை நான் மறக்கவே இல்லை. கோவிட் இல்லாதவர்களின் படம் என்று பல குழுக்கள் எடுத்துக்கொண்டது ஒன்று முதல் ஐந்து வயதுவரையான குழந்தைகளின் எக்ஸ்ரே தொகுப்பை. கோவிட் படங்களோ பெரியவர்களுடையவை. மாடல் கற்றது பெரியவரா குழந்தையா என்பதை.

அந்த மாதங்களில் வார்டில் நாங்கள் எவ்வளவு தவித்தோம், ஒரு நல்ல கருவி கிடைக்காதா என்று எப்படி ஏங்கினோம் என்பது நினைவிருப்பதால் இதை எழுதும்போது இன்னும் வலிக்கிறது.

நெஞ்சுக்குழாய் விஷயமும் புதிதில்லை. செஸ்ட்எக்ஸ்ரே14 என்ற தொகுப்பு எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 30,805 பேரின் 1,12,120 படங்கள், குறிப்புகள் ரிப்போர்ட்டுகளிலிருந்து கணினியால் பிரித்தெடுத்தவை. அதில் நியூமோதோராக்ஸ் என்று குறித்தவற்றில் பெரும்பகுதியில் குழாய் போடப்பட்டிருப்பதை ஆஸ்திரேலிய ரேடியாலஜிஸ்ட் லூக் ஓக்டன்-ரெய்னர் சுட்டிக்காட்டினார். குழாய் உள்ள படங்களில் மாடல் ஜோராக வேலை செய்யும். குழாய் இல்லாதவற்றில் தடுமாறும். சிகிச்சை தொடங்கியவருக்கு நன்றாக நோய் கண்டுபிடிக்கும் கருவி யாருக்கு வேண்டும்?

#4 எண்ணிப்பார்

புள்ளியியல் பக்கமிருந்து ஒரு கேள்வி. பயிற்சிக்கும் சோதனைக்கும் எதை வைத்துப் பிரித்தீர்கள், படத்தையா, நோயாளியையா? ஒரே ஆளுக்கு ஆறேழு படம் என்கிறார் இருட்டறைக்காரர். படங்களைக் கலைத்துப் போட்டுப் பிரித்திருந்தால், ஒருவருடைய நான்கு படம் பயிற்சியிலும் இரண்டு சோதனையிலும் விழுந்திருக்கும். அதே விலா எலும்பு, அதே குழாய். மாடலுக்கு அவர் பழைய முகம்.

#5 பயிலும்கணினி

மூன்று நாள் எழுதவில்லை. படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதத்தில் முதல்முறையாக ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

நோய் உள்ளதாகக் குறித்த 200 படங்களைப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் குழாய் இருக்கிறது. எண்ணிப்பார் அக்கா கேட்டதும் சரிதான், படவாரியாகத்தான் பிரித்திருந்தேன். நோயாளிவாரியாக மாற்றிப் பிரித்ததும் என் முதல் மருத்துவமனை முடிவே இறங்கிவிட்டது. குழாய் இல்லாத படங்களை மட்டும் தனியாகச் சோதித்தேன், இன்னும் இறங்கியது. மாடல் எந்த இடத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று வண்ணப்படம் போட்டால், நுரையீரலின் உச்சி வெறுமையாகக் கிடக்கிறது, குழாயின் மேல் சிவப்பு.

இரண்டாவது மருத்துவமனையின் படங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் எடுத்தவை. யாருக்கும் இன்னும் குழாய் போடவில்லை.

#6 இருட்டறைக்காரர்

உட்கார்ந்து பார்த்தீர்களே, அது பெரிய விஷயம் தம்பி.

#7 காத்திருந்தவள்

நான் ஆராய்ச்சியாளர் இல்லை, நோயாளி. ஒன்றரை வருடம் முன்பு வேறு எதற்கோ எடுத்த சி.டி.யில் நுரையீரலில் 6 மில்லிமீட்டரில் ஒரு முடிச்சு இருப்பதாக வந்தது. "அநேகமாக ஒன்றும் இருக்காது, ஆறு மாதம் கழித்துத் திரும்ப எடுப்போம்" என்றார்கள். அந்த ஆறு மாதம் எப்படிப் போனது என்று எழுத எனக்கு வார்த்தை வராது. இரவில் இருமல் வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். கடைசியில் அது வளரவில்லை, பழைய தொற்றின் தழும்பாக இருக்கலாம் என்றார்கள்.

என் கேள்வி இதுதான். நீங்கள் எல்லோரும் மாடலின் தவறுகளைச் சொல்கிறீர்கள். ஆனால் சீக்கிரம் கண்டுபிடிப்பது நல்லதுதானே? நோய் வருவதற்கு முன்பே சொல்லும் ஆராய்ச்சியும் நடக்கிறதாமே. அது இருந்திருந்தால் என் ஆறு மாதம் மிச்சமாகியிருக்காதா?

#8 அறிக்கைமேசை

அம்மா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. நான் தினமும் அந்த வரியை ரிப்போர்ட்டில் எழுதுகிறவள். அதன் மறுபக்கம் இருப்பவர் எழுதிப் படிப்பது அபூர்வம்.

சீக்கிரம் கண்டுபிடிப்பது சிலருக்கு உயிரைக் காக்கிறது. அதில் சந்தேகம் வேண்டாம். அமெரிக்காவில் நிறையப் புகைத்த 53,454 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி.யும் மறு பாதிக்கு சாதாரண எக்ஸ்ரேயும் ஆண்டுக்கு ஒன்றாக மூன்று முறை எடுத்தார்கள். முடிவு 2011இல் வந்தது. சி.டி. எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைவு. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. எடுத்த சி.டி.க்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒன்றில் ஏதோ சந்தேகத்துக்குரியது தெரிந்தது. அப்படிச் சந்தேகப்பட்டவற்றில் 96.4 சதவீதம் கடைசியில் புற்றுநோய் இல்லை. உங்கள் ஆறு மாதத்தைப் போலப் பல ஆயிரம் பேருக்கு.

தென் கொரியாவில் வேறு மாதிரி நடந்தது. புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்குக் கழுத்திலும் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கும் வழக்கம் பரவியது. 1993ஐவிட 2011இல் தைராய்டு புற்றுநோய் 15 மடங்காகிவிட்டது. அந்த ஓர் ஆண்டில் 40,000 பேருக்கும் மேல். சாவு எண்ணிக்கையில் மாற்றமே இல்லை. பார்க்காமல் விட்டிருந்தால் வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தந்திருக்காத கட்டிகள் அவை. கண்டுபிடித்தபின் யாரால் சும்மா இருக்க முடியும்? பெரும்பாலானவர்கள் தைராய்டை எடுத்துவிட்டு ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

அந்த அல்ட்ராசவுண்ட் மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. கட்டி இருந்தது, மெஷின் அதைக் காட்டியது. கண்டுபிடித்ததால் அந்த ஆள் நன்றாக வாழ்ந்தாரா என்பதை மெஷின் சொல்லாது.

#9 எண்ணிப்பார்

அம்மாவின் கேள்விக்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். கற்பனை எண்கள்தான். 10,000 பேரில் 50 பேருக்கு நோய் இருக்கிறது என்று வையுங்கள். நோய் உள்ளவரில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், இல்லாதவரில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும் கருவி ஒன்று கிடைக்கிறது. கேட்க அருமையாக இருக்கும். 50இல் 45ஐப் பிடிக்கும். மீதி 9,950 பேரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 995 பேருக்கு வீணாக மணி அடிக்கும். ஆக 1,040 பேரைக் கூப்பிட்டுச் சொல்கிறோம், அதில் உண்மையான நோயாளி 45 பேர். நூற்றுக்கு நான்கு பேருக்குக் கொஞ்சம்தான் மேலே.

#10 நாளையபடம்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். இழை ஒரேயடியாக இருட்டுப் பக்கம் போகிறதோ என்று எழுத வந்தேன். கணிப்பு ஆராய்ச்சியில் வேலை செய்கிறவன் நான். இங்கே கிடைக்கும் நல்லதையும் சொல்லியாக வேண்டும்.

எம்.ஐ.டி.யும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையும் சேர்ந்து செய்த சிபில் என்ற மாடல் 2023இல் வந்தது. ஒரே ஒரு குறைந்த கதிர்வீச்சு சி.டி.யைப் பார்த்து, அடுத்த ஆறு ஆண்டுகளில் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்கிறது. அறிக்கைமேசை சொன்ன அதே அமெரிக்க ஆய்வின் படங்களில் பழகியது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. மாசசூசெட்ஸ் மருத்துவமனையின் படங்களிலும், தைவானின் சாங் குங் மருத்துவமனைப் படங்களிலும் சோதித்தார்கள். தைவான் தொகுப்பில் புகைக்கவே புகைக்காதவர்களும் இருந்தார்கள். அங்கேயும் ஓராண்டுக் கணிப்பு நன்றாக நின்றது. தம்பி தடுமாறிய இடம் இதுதானே?

இப்படி வாய்ப்பைச் சொல்ல முடிந்தால், குறைவாக இருப்பவரை ஆண்டுதோறும் கூப்பிடவே வேண்டாம். அம்மாவின் ஆறு மாதத்தைக் குறைக்கும் வழி அது. கண்டுபிடிப்பதைக் கூட்டுவதற்கு மட்டும் இல்லை, தேவையில்லாமல் பார்ப்பதைக் குறைப்பதற்கும் கணிப்பு பயன்படும்.

விழித்திரையையும் சொல்ல வேண்டும். 2018இல் கூகுள் குழு விழித்திரைப் படத்தை மட்டும் வைத்து ஒருவருடைய வயதைச் சராசரியாக மூன்றே கால் வருடப் பிழையில் சொன்னது. ஆணா பெண்ணா என்பதைக்கூடச் சொன்னது. அனுபவப்பட்ட கண் மருத்துவர்களுக்கு அந்தப் படத்தில் ஆண் பெண் வேற்றுமை தெரிந்ததே இல்லை. நம் கண்ணுக்கு எட்டாதது படத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

#11 எண்ணிப்பார்

சிபில் சோதிக்கப்பட்ட முறை எனக்கும் பிடிக்கும். விழித்திரை ஆய்வை முழுதாகப் படியுங்கள். ஐந்தாண்டில் மாரடைப்பு போன்ற பெரிய இதயச் சிக்கல் வருமா என்ற கணிப்பில் அந்தப் படத்துக்குக் கிடைத்த மதிப்பெண் 0.70 (1 என்றால் முழுச் சரி, 0.5 என்றால் நாணயம் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம்). வயது, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் இவற்றை வைத்துப் போடும் ஐரோப்பிய ஸ்கோர் கணக்குக்கு 0.72. படத்திலிருந்து வயதும் பாலினமும் புகைப்பழக்கமும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வயதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எதற்குக் கேமரா? நோயாளிக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றோடு படம் எதைக் கூடுதலாகச் சேர்த்தது என்று பாருங்கள்.

அப்புறம், நூறு பேருக்கு "உங்களுக்கு 20 சதவீதம் வாய்ப்பு" என்று சொன்னால், பிற்பாடு அதில் ஏறக்குறைய இருபது பேருக்கு நோய் வந்திருக்க வேண்டும். நோய் வருகிறவரையும் வராதவரையும் சரியாக வரிசைப்படுத்தும் மாடல்கூட இதில் சறுக்கும். எண்ணை நோயாளியிடம் சொல்லப்போகிறோம் என்றால் இதைப் பார்க்காமல் விடவே கூடாது.

#12 நாளையபடம்

விழித்திரை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இதயத்துக்குக் கூடுதலாகச் சேர்க்கும் படம் உண்டு. சி.டி.யில் இதயத் தமனிச் சுண்ணாம்பை எண்ணும் அகாட்ஸ்டன் மதிப்பெண், 1990இலிருந்து இருக்கிறது. பழைய காரணிகளோடு இதையும் சேர்த்தால் கணிப்பு மேம்படுகிறது என்பது பல ஆண்டுப் பின்தொடர்தலில் உறுதியானது. செயற்கை அறிவு எதுவும் தேவைப்படவில்லை, வெள்ளைப் புள்ளிகளின் அளவையும் அடர்த்தியையும் பெருக்கிக் கூட்டினார்கள். மதிப்பெண் பூஜ்யம் என்று வந்தால் கொழுப்பு மாத்திரையைத் தள்ளிப்போடலாமா என்று பேசக்கூட முடிகிறது. முடிவு மாறுகிறது பாருங்கள், அதனால்தான் அது நிலைத்தது.

#13 அறிக்கைமேசை

இதில் எனக்கு முழு உடன்பாடு. எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்கு ஸ்வீடனின் மசாய் ஆய்வைச் சொல்வேன். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்க வந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பக்கம் வழக்கம்போல இரண்டு ரேடியாலஜிஸ்ட்டுகள். மறுபக்கம், செயற்கை அறிவு அபாயம் குறைவு என்று சொன்ன படத்தை ஒருவரும், அதிகம் என்று சொன்னதை இருவரும் பார்த்தார்கள். படிக்கும் வேலை ஏறக்குறைய 44 சதவீதம் குறைந்தது, பிடிபட்ட புற்றுநோய்கள் 29 சதவீதம் கூடின, வீண் எச்சரிக்கை குறிப்பிடும்படி கூடவில்லை. பழைய படங்களை மட்டும் வைத்து இதைத் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

ஆனால் ஒரு பயம் எனக்கு உண்டு, என்னைப் பற்றியேதான். 2023இல் ரேடியாலஜி இதழில் வந்த ஜெர்மன் ஆய்வில் 27 ரேடியாலஜிஸ்ட்டுகளிடம் மேமோகிராம்களைக் கொடுத்து, கணினியின் கருத்து என்று ஒன்றையும் காட்டினார்கள். சில இடத்தில் வேண்டுமென்றே தவறாக. கணினி சரியாகச் சொன்னபோது எல்லோரும் 80 சதவீத அளவில் சரி. தவறாகச் சொன்னபோது அனுபவம் குறைந்தவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கினார்கள். நீண்ட அனுபவம் உள்ளவர்களே 45 சதவீதத்துக்கு. இரவு மூன்று மணிக்குக் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது திரையில் பச்சை விளக்கு எரிந்தால் நான் மட்டும் எப்படி விதிவிலக்காவேன்? தம்பியின் மாடலைப் போன்ற ஒன்று குழாயைத் தேடிவிட்டு "இல்லை" என்று சொல்லியிருந்தால், நான் நம்பியிருக்கலாம்.

#14 காத்திருந்தவள்

எல்லாம் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆறு மாதத்தில் ஒருவராவது "இப்படி முடிச்சு தெரிகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இல்லை" என்று எண்ணோடு சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன். ரிப்போர்ட்டில் அதற்கு ஒரு வரி இடம் கிடைக்குமா டாக்டர்?

#15 அறிக்கைமேசை

கிடைக்கும். இன்று காலை இரண்டு ரிப்போர்ட்டில் எழுதினேன்.

#16 பயிலும்கணினி

வழிகாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன், கட்டுரையை நிறுத்திவைக்கலாம் என்றார். ஆய்வை இப்படி மாற்றுகிறோம்: குழாய்க்கு முந்தைய படம் மட்டும், நோயாளிவாரியாகப் பிரிப்பு, நின்றவர் படுத்தவர் முடிவுகள் தனித்தனியாக, இரண்டாவது மருத்துவமனையின் முடிவு முதல் பக்கத்திலேயே. படங்கள் பத்தில் ஒரு பங்காகிவிட்டன. பட்டம் ஒரு பருவம் தள்ளிப்போகும், பரவாயில்லை.

இரண்டாவது மருத்துவமனையில் அனுமதி கேட்டேன். வெள்ளி இரவு அவர்களுடைய எக்ஸ்ரே பிரிவில் உட்காரப்போகிறேன். இருட்டறைக்காரர் ஐயா, எதைக் கவனிக்க வேண்டும்?

#17 இருட்டறைக்காரர்

நோட்டு ஒன்று கொண்டுபோங்கள். டாக்டர் படம் கேட்ட நேரம், படம் எடுத்த நேரம், குழாய் போட்ட நேரம், மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கணினியில் இருக்கும் நேரத்தோடு பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள், எப்போதும் ஒத்துப்போகாது. அவசரம் என்றால் குழாயை முதலில் போட்டுவிட்டுப் படத்தைப் பிறகு கேட்பார்கள், அப்படிப்பட்டவருக்கு "முந்தைய படம்" என்று ஒன்று இருக்கவே இருக்காது. அந்த ஆட்கள் உங்கள் கணக்கில் எங்கே போகிறார்கள் என்று எண்ணிப்பாரைக் கேளுங்கள்.

படுத்திருப்பவரின் முதுகுக்கடியில் தகட்டை வைக்கும்போது இரண்டு பேர் வேண்டும். தோள் பக்கம் ஒரு கை கொடுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பாருங்கள், எத்தனை பேரால் பிடிக்க முடிகிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.